கிட்டார் சுருதி நிற்கவில்லையா? கீ, நட், பிரிட்ஜ், லாக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக், அகூஸ்டிக் என்று ஸ்டீல் கம்பி போட்ட கிட்டார்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலான பதில்கள். நைலான் கம்பிக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

சுருதி அடிக்கடி இறங்குகிறது. நல்ல ட்யூனிங் கீ வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. காசு செலவழிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பியை முறுக்கும் கீயின் உள்ளே இருப்பது வார்ம் கியர். நாம் திருகும் தண்டில் திருகாணி மரை போல ஒரு பல் ஓடுகிறது. அது, கம்பி சுற்றும் போஸ்டின் அடியிலுள்ள பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. பிடியைத் திருப்பினால் போஸ்ட் சுழலும். ஆனால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் போஸ்ட் சுழன்று பிடியைத் திருப்பிவிடாது. அந்த அமைப்பின் இயல்பே அதுதான். அதனால் கீ தானாகத் தளர்கிறது என்று நாம் நினைக்கும் இடங்களில் பெரும்பாலும் குற்றம் நட்டினுடையது (ஃப்ரெட்போர்டின் மேல் முனையில், கம்பிகள் பதியும் காடிகள், அதாவது பள்ளங்கள், உள்ள துண்டு), அல்லது கம்பி சுற்றிய விதத்தினுடையது.

கீ மேலேயே தப்பு இருப்பதும் உண்டு. கீகள் பொருத்திய தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் போஸ்டைச் சுற்றியுள்ள இறுக்கு நட்டு (கம்பி பதியும் நட் அல்ல) தளர்ந்திருக்கலாம். பல கீகளுக்கு 10 மி.மீ. ஸ்பானர் போதும், மெதுவாக இறுக்குங்கள். பிடியின் முனையிலுள்ள சின்ன ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கலாம். இதையெல்லாம் இறுக்கிய பிறகும், பிடியைக் கணிசமாகத் திருப்பியும் போஸ்ட் அசையவே இல்லை என்றால் பற்கள் தேய்ந்துவிட்டன. அப்போது மாற்றுங்கள்.

அப்படியென்றால் சுருதி ஏன்தான் விலகுகிறது?

கம்பி வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் சிக்கிக்கொள்கிறது, அல்லது அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் நழுவுகிறது. கிட்டாரில் சுருதிக்காகச் செய்யப்பட்ட எல்லா வன்பொருளும் இந்த இரண்டில் ஒன்றைச் சரிசெய்யத்தான் வந்தது.

கிட்டார் உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் பால் எண்டும் (கம்பி நுனியிலுள்ள சிறு உலோகக் குமிழ்) மேலே போஸ்டும் கம்பியைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டிய இடங்கள். நட், சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு), ஸ்ட்ரிங் ட்ரீ (ஹெட்ஸ்டாக்கில் கம்பியைக் கீழே அழுத்தும் கொக்கி) ஆகியவற்றில் கம்பி தாராளமாக வழுக்க வேண்டும். எவ்வளவு சிறிய பிசகும் காதில் விழும் என்பதற்கு ஒரு கணக்கு: கம்பியின் இழுவிசை 1 சதவீதம் குறைந்தால் சுருதி 8 சென்டுக்கு மேல் இறங்கிவிடும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். பழகிய காதுக்கு ஐந்தாறு சென்டே உறுத்தும்.

எங்கே கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சுருதி காட்டும் ட்யூனர் ஒன்று இருந்தால் போதும். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்து பாருங்கள், பல செலவுகள் மிச்சமாகும்.

கம்பியைச் சரியாக ட்யூன் செய்துவிட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பக்கம் பக்கவாட்டில் நன்றாக இழுத்து இரண்டு மூன்று பெண்ட் அடியுங்கள். பிறகு திறந்த கம்பியை மீட்டிப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால், ஹெட்ஸ்டாக் பக்கம், நட்டுக்கும் கீக்கும் நடுவில் உள்ள கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். மறுபடி மீட்டுங்கள். சுருதி ஏறிப் பழைய இடத்துக்கோ அதற்குச் சற்று மேலேயோ வந்தால் நட்தான் கம்பியைப் பிடித்துவைத்திருக்கிறது. பெண்ட் அடிக்கும்போது ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து கொஞ்சம் கம்பி இந்தப் பக்கம் வந்தது, விட்டபோது திரும்பிப் போக வழியில்லாமல் காடியில் சிக்கிக்கொண்டது. நீங்கள் அழுத்தியதும் அது பழைய இடத்துக்கு இழுக்கப்பட்டது.

அழுத்தியும் மாற்றமே இல்லை என்றால் கம்பி போஸ்டில் நழுவுகிறது, அல்லது பால் எண்ட் சரியாக உட்காரவில்லை, அல்லது கம்பி புதியது, இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது.

ட்ரெமொலோ பார் (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் கைப்பிடி) உள்ள கிட்டாரில் இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு. பாரைக் கீழே அழுத்தி விட்டபின் சுருதி ஏறி நின்றால், தளர்ந்த நேரத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம் போன கம்பி திரும்பி வரவில்லை என்று பொருள். அதற்கும் முதல் சந்தேகம் நட் மேல்தான்.

இன்னொரு அறிகுறியைக் காதாலேயே பிடிக்கலாம். ட்யூன் செய்யும்போது பிடியைத் திருப்பத் திருப்ப ட்யூனர் ஊசி நகராமல் இருந்து, திடீரென்று ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு தாவினால், காடி கம்பியைக் கவ்விக்கொண்டிருந்து இப்போதுதான் விட்டது.

நட் காடியில் பென்சில் தூள் போடலாமா?

தாராளமாக. பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், நல்ல உராய்வு நீக்கி. கம்பியைத் தளர்த்திக் காடியிலிருந்து தூக்கி, கூரான பென்சிலால் காடிக்குள் நான்கைந்து முறை தேய்த்து, கம்பியை மறுபடி உட்கார வையுங்கள். கம்பி மாற்றும்போதெல்லாம் இதைச் செய்யலாம். இதற்கென்றே பசை வடிவில் கடைகளில் விற்பதும் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் காடி குறுகலாக இருந்தால் எந்தத் தூளும் உதவாது. தடிமனான கம்பி செட்டுக்கு மாறிய பிறகு சுருதி நிற்கவில்லை என்பவர்களுக்கு இதுதான் காரணம். 46 கேஜ் (தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கு) கம்பிக்கு வெட்டிய காடியில் 52 கேஜ் கம்பியைத் திணித்தால் அது கவ்வத்தான் செய்யும். அந்தந்தத் தடிமனுக்கென்று இருக்கும் நட் அரங்களால்தான் காடியை அகலப்படுத்த வேண்டும். அடிப்பகுதி உருண்டையாக இருக்க வேண்டும், காடி ஹெட்ஸ்டாக் பக்கமாகச் சரிந்து போக வேண்டும், கம்பி தொடும் கடைசிப் புள்ளி ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும். அரத்தை ஒருமுறை கூடுதலாக இழுத்தால் காடி ஆழமாகி, திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும். அப்புறம் நட்டையே மாற்ற நேரிடும். கை பழகாதவர்கள் இந்த வேலையை நல்ல லூதியரிடம் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) விடுவதே நல்லது. ஒரு கிட்டாருக்குச் செய்யும் செலவிலேயே மிகப் பயனுள்ளது இது என்பது என் கருத்து.

எலும்பு, டஸ்க், பித்தளை, பிளாஸ்டிக்: எந்த நட் நல்லது?

நன்றாக வெட்டப்பட்ட நட் நல்லது. மோசமாக வெட்டிய எலும்பு நட்டைவிட ஒழுங்காக வெட்டிய பிளாஸ்டிக் நட் சுருதியைக் காக்கும். அதற்கப்புறம்தான் பொருளைப் பற்றிய பேச்சு. எலும்பு கடினமானது, நீண்ட நாள் வரும். கிராஃப் டெக் நிறுவனத்தின் டஸ்க் செயற்கைப் பொருள், உள்ளே ஒரே சீராக இருக்கும். அதன் எக்ஸ்எல் வகையில் உராய்வு நீக்கி பொருளுக்குள்ளேயே கலந்திருப்பதால் ட்ரெமொலோ கிட்டாருக்குப் பொருத்தம். ரோலர் நட்டில் கம்பி உருளைமேல் ஓடும். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மாட்டுவதற்குக் கழுத்தில் வெட்டுவேலை தேவைப்படலாம்.

எல்லாக் கம்பியும் நிற்கிறது, ஜி மட்டும் படுத்துகிறது. ஏன்?

கிட்டார் வாசிப்பவர்களில் பாதிப்பேரின் புலம்பல் இது. காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, வடிவம். பக்கத்துக்கு மூன்று கீ உள்ள ஹெட்ஸ்டாக்கில் டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாகத் திரும்பித் தொலைவிலுள்ள கீக்குப் போகின்றன. கிப்ஸன் லெஸ் பால் போன்ற கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னால் 17 பாகை அளவுக்குச் சாய்ந்தும் இருக்கும். பக்கவாட்டு வளைவும் கீழ்நோக்கிய அழுத்தமும் சேர்ந்து கம்பியைக் காடியின் சுவரோடு நெருக்குகின்றன.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரண 10 கேஜ் எலெக்ட்ரிக் செட்டில் ஜி கம்பி 17 கேஜ், சுருள் சுற்றாத வெறும் ஸ்டீல். மெல்லிய ஈ கம்பியின் இழுவிசையும் இதன் இழுவிசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஜி கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே விசைக்குத் தடித்த கம்பி குறைவாகத்தான் நீளும். அந்தச் சிறிய நீட்சியில் ஒரு இம்மி கூடினாலும் குறைந்தாலும் சுருதியில் பெரிதாகத் தெரியும். நட்டில் எல்லாக் கம்பியும் ஒரே அளவு சிக்கினாலும் ஜி மட்டும் அதிகமாக விலகுவது இதனால்தான்.

மூன்றாவது, காது. ஃப்ரெட் கிட்டார் சமப்படுத்திய சுரவரிசையில் (எல்லா அரைச்சுரமும் சம இடைவெளியில்) செய்யப்பட்டது. அதில் மேஜர் மூன்றாம் இடைவெளி, இயற்கையான இடைவெளியைவிடச் சுமார் 14 சென்ட் அதிகம். திறந்த ஈ மேஜர் கார்டில் ஜி கம்பியில் வரும் சுரம் அந்த மூன்றாவது சுரம். அந்தக் கார்டு இனிமையாகக் கேட்கும்வரை ஜி கம்பியை இறக்கிவிட்டால், அடுத்து சி கார்டைப் பிடித்தவுடன் அது தப்பாகக் கேட்கும். ஜி கம்பியை ட்யூனரை நம்பி வையுங்கள், ஒரே கார்டை வைத்துத் திருத்தாதீர்கள்.

லாக்கிங் கீ உண்மையில் என்ன செய்கிறது?

கம்பியை போஸ்டுக்குள் கவ்விப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பின்பக்கத்துச் சக்கரத்தைத் திருகினால் உள்ளே ஒரு ஊசி கம்பியை அழுத்தும். ஸ்பெர்ஸல், ஷாலர், கோட்டோ, ஹிப்ஷாட் என்று பலர் இந்த வகையைச் செய்கிறார்கள். சிலவற்றில் சக்கரம் இல்லாமல் ட்யூன் செய்யும்போதே தானாகப் பூட்டிக்கொள்ளும். கம்பி அரைச் சுற்றுகூடச் சுற்றாமலே சுருதிக்கு வந்துவிடும். சுற்றே இல்லாததால் சுற்றுகள் நெருங்கி இறுகித் தளரும் பிரச்சினையும் இல்லை. கம்பி மாற்றும் நேரமும் வெகுவாகக் குறையும். மேடையில் வாசிப்பவர்களுக்கு அந்த வசதிக்காகவே வாங்கலாம்.

கியரையோ நட்டையோ இது பூட்டுவதில்லை. காடி கவ்வுகிற கிட்டாரில் லாக்கிங் கீ போட்டாலும் பெண்ட் அடித்தபின் சுருதி இறங்கத்தான் செய்யும்.

கீயில் 14:1, 18:1, 21:1 என்று போட்டிருக்கிறதே, அதிகம் இருந்தால் சுருதி நிற்குமா?

நிற்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. நுட்பமாக ட்யூன் செய்ய உதவும். 6 மி.மீ. விட்டமுள்ள போஸ்டின் சுற்றளவு சுமார் 19 மி.மீ. 14:1 கீயில் (பிடி 14 சுற்று சுற்றினால் போஸ்ட் ஒரு சுற்று) பிடியை ஒரு முழுச் சுற்று திருப்பினால் கம்பி ஏறத்தாழ 1.3 மி.மீ. நகரும். 21:1 கீயில் 0.9 மி.மீ. மட்டுமே. சரியான புள்ளியில் நிறுத்துவது எளிது, கம்பி மாற்றும்போது கொஞ்சம் அதிகம் சுற்ற வேண்டும்.

கம்பியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

சாதாரண கீயில் சுருள் சுற்றிய கம்பிக்கு இரண்டு மூன்று, மெல்லிய பிளெயின் கம்பிக்கு மூன்று நான்கு. அடுத்த கீ வரை கம்பியை நீட்டி அந்த அளவு தளர்வு விட்டுச் சுற்றத் தொடங்கினால் ஏறக்குறைய சரியாக வரும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது, மேலிருந்து கீழாக வரிசையாக இறங்க வேண்டும். அப்போதுதான் நட்டிலிருந்து போஸ்டுக்குச் சரிவும் ஒழுங்காகக் கிடைக்கும். பத்துச் சுற்று சுற்றினால் பிடி உறுதியாகும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு சுற்றும் மெல்ல மெல்ல இறுகும், அந்த இறுக்கம் முழுக்கச் சுருதி இறக்கமாக வெளிப்படும்.

சுற்றி முடித்ததும் கம்பியை விரலால் தூக்கி மிதமாக இழுத்து விட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள். இழுத்தாலும் சுருதி இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். சுருதிக்கு எப்போதும் கீழிருந்து ஏறியே வாருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இறக்கி நிறுத்தினால் கியர் பற்களுக்கிடையே விட்டுப்போன இடைவெளியைக் கம்பி பிறகு எடுத்துக்கொள்ளும்.

ட்ரெமொலோ பாரைத் தொட்டாலே சுருதி போய்விடுகிறது. ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பியைப் பூட்டும் ட்ரெமொலோ) போட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-இல் வந்தபோதே பூட்டு இல்லாத சாதாரண ட்ரெமொலோ இருந்தது. முன்பக்கம் ஆறு ஸ்க்ரூ, முதுகுக்குள் ஸ்பிரிங்குகள். கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்க, பிரிட்ஜ் தராசு முள் போல நடுவில் நிற்கிறது. நட்டை ஒழுங்காக வெட்டி, லாக்கிங் கீ மாட்டி, ஆறு ஸ்க்ரூவில் நடு நான்கையும் சற்று உயர்த்தி வெளி இரண்டில் மட்டும் பிரிட்ஜ் அசையும்படி வைத்தால், மிதமாகப் பார் உபயோகிப்பவர்களுக்கு அது போதும். நம்பிக்கையோடு சொல்கிறேன். பார் வேண்டவே வேண்டாம் என்றால் பின்னால் உள்ள ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை இறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்டி உட்கார வைத்துவிடுங்கள். பெண்ட் அடிக்கும்போது மற்ற கம்பிகள் இறங்குவதும் நின்றுவிடும்.

பாரை முழுக்கக் கீழே தள்ளிக் கம்பிகள் தொங்கும் அளவுக்கு வாசிப்பவர்களுக்குத்தான் ஃப்ளாய்ட் ரோஸ். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற கிட்டார் கலைஞரே கண்டுபிடித்தது. அமெரிக்கக் காப்புரிமை 1979-இல் கிடைத்தது. வழுக்குவதைச் சரிசெய்யப் போராடாமல், நட்டிலும் சாடிலிலும் கம்பியைப் பூட்டிவிடுவதுதான் அதன் யோசனை. கம்பி எங்கும் வழுக்காது, அதனால் எங்கும் சிக்கவும் முடியாது. நட் பூட்டியபின் கீ வேலை செய்யாது என்பதால் பிரிட்ஜில் ஃபைன் ட்யூனர்கள் வந்தன.

விலையும் உண்டு. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். சுற்றிச் சுற்றி வந்து ஆறையும் சேர்க்க வேண்டும். ஃபைன் ட்யூனர்களை நடுவில் நிறுத்தி, நட் பூட்டைத் திறந்து, கீயால் ட்யூன் செய்து, பிரிட்ஜ் தட்டு உடலுக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி சற்று மாறும், அதை ஃபைன் ட்யூனரில் சரிசெய்யலாம். கம்பியை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால் மற்றதெல்லாம் ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றுபவர்களுக்கு இது ஒத்துவராது.

ஸ்ட்ரிங் ட்ரீ தேவையா?

ஃபெண்டர் போல ஹெட்ஸ்டாக் சாயாத கிட்டார்களில், தூரத்துக் கீக்குப் போகும் மெல்லிய கம்பிகளைக் கீழே அழுத்த அது வேண்டும். இல்லாவிட்டால் கம்பி காடியில் சரியாக உட்காராது. ஆனால் அதுவும் ஒரு சிக்கும் இடம். ரோலர் வகையோ வழவழப்பான வகையோ மாட்டுங்கள். உயரம் குறைந்துகொண்டே போகும் போஸ்டுகள் உள்ள கீ செட் போட்டால் பெரும்பாலும் ட்ரீயே தேவைப்படாது.

அகூஸ்டிக் கிட்டாரில் இதெல்லாம் பொருந்துமா?

நட், சுற்று, இழுத்து விடுதல் மூன்றும் அப்படியே பொருந்தும். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பிரிட்ஜ் பின். பால் எண்ட் உள்ளே பிரிட்ஜ் பிளேட்டின் மேல் முட்டி நிற்க வேண்டும். அது பின்னின் நுனியில் உட்கார்ந்திருந்தால் கம்பி ஏற ஏறப் பின் மேலே கிளம்பும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னைப் போட்டதும் கம்பியை மேல்நோக்கி இழுத்து, பால் எண்ட் தட்டி நிற்பதை விரலில் உணர்ந்த பிறகு கீயைத் திருப்புங்கள்.

நைலான் கம்பி போட்டு மூன்று நாளாகியும் சுருதி இறங்குகிறதே?

அது அப்படித்தான். நைலான் ஸ்டீலைவிட அதிகம் நீளும், அடங்குவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பிரிட்ஜில் கட்டிய முடிச்சு நழுவுகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் கம்பிக்கு ஒரு சுற்று கூடுதலாக முடிச்சுப் போடுவது நல்லது.

திறந்த கம்பி சரியாக இருக்கிறது, மேல் ஃப்ரெட்டில் வாசித்தால் தப்பாகக் கேட்கிறது. கீ கோளாறா?

இல்லை, இது இன்டொனேஷன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடினால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள், குறைந்தால் முன்னால். புதுக் கம்பி போட்டபிறகே இதைச் செய்ய வேண்டும், பழைய கம்பியில் அளவு சரியாக வராது. முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுரம் கூடிக் கேட்டால் நட் காடி உயரமாக இருக்கிறது, அல்லது நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள். கழுத்தில் மாட்டும் கிளிப்பான கேப்போவும் இப்படிச் செய்யும். ஃப்ரெட்டை ஒட்டி வைத்து, இறுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்.

தானாக ட்யூன் செய்யும் கிட்டார், எவர்ட்யூன், ஹெட்லெஸ்: எது நல்ல தீர்வு?

கிப்ஸன் 2007-இல் கீயில் மோட்டார் வைத்த ரோபோ கிட்டாரைக் கொண்டுவந்தது. 2015-இல் பெரும்பாலான மாடல்களில் தானியங்கிக் கீயையே வழக்கமாக்கியது. வாங்குபவர்களுக்குப் பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டே சாதாரணக் கீ உள்ள மாடல்கள் திரும்பி வந்தன. ட்யூனிங்கை அடிக்கடி மாற்றுபவருக்கு மோட்டார் உதவும். நட்டில் சிக்கும் கம்பியை அது என்ன செய்துவிட முடியும்?

எவர்ட்யூன் பிரிட்ஜ் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஸ்பிரிங்கும் நெம்புகோலும். கம்பி தளர்ந்தால் ஸ்பிரிங் இழுத்து இழுவிசையை அதே அளவில் வைத்துக்கொள்ளும். பலமாக மீட்டினாலும் சுருதி எகிறாது என்பதால் ஒலிப்பதிவுக்கு அருமையானது. பெண்ட் எந்த இடத்திலிருந்து வேலை செய்ய வேண்டும் என்பதையும் கீயாலேயே அமைத்துக்கொள்ளலாம். சாதாரண கிட்டாரில் மாட்ட மரத்தை வெட்ட வேண்டும், பிறகு பழைய நிலைக்குத் திருப்ப முடியாது.

ஹெட்லெஸ் அமைப்பை 1980-ஐ ஒட்டிப் பிரபலமாக்கியவர் நெட் ஸ்டைன்பெர்கர். கம்பி நட் அருகிலேயே முடிந்துவிடுகிறது, சுருதி திருகும் அமைப்பு பிரிட்ஜ் பக்கம். நட்டுக்குப் பின்னால் நீண்ட கம்பியே இல்லாததால் சிக்கல் வேரிலேயே போய்விடுகிறது. எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்தது இதுதான்.

செலவழிக்க அதிகம் இல்லை. எதில் தொடங்குவது?

புதுக் கம்பி, ஒழுங்கான சுற்று, நட்டில் கிராஃபைட். இவற்றுக்குப் பிறகும் பெண்ட் சோதனையில் தோற்றால் நட்டை லூதியரிடம் கொடுங்கள். லாக்கிங் கீ அதற்கப்புறம். ட்ரெமொலோ கிட்டார் என்றால் மட்டும் அதைச் சற்று முன்னால் கொண்டுவரலாம்.

வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

வேண்டாம். 10 கேஜ் எலெக்ட்ரிக் செட் மொத்தமாகச் சுமார் 45 கிலோ விசையில் கழுத்தை இழுக்கிறது, கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடு அதற்குச் சரியாக எதிர்ப்பக்கம் தாங்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. தினமும் தளர்த்தி ஏற்றினால் கம்பியும் கழுத்தும் நிலைக்கு வரவே வராது. விமானத்தில் சரக்காக அனுப்பும்போது மட்டும் ஒன்றிரண்டு சுரம் இறக்கி வையுங்கள்.

அறைக்கு வெளியே எடுத்துப் போனாலே மாறிவிடுகிறதே?

ஸ்டீல் கம்பி சூடானால் நீண்டு சுருதி இறங்கும், குளிர்ந்தால் ஏறும். மேடை விளக்கின் கீழ் நடப்பது அதுதான். ஈரப்பதம் மரத்தை உப்பவும் சுருங்கவும் வைப்பதால் அகூஸ்டிக்கில் இன்னும் அதிகம் தெரியும். 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கிட்டாருக்கு நல்லது. எந்த வன்பொருளும் இதைத் தடுக்காது. புது இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறந்து கால் மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு ட்யூன் செய்யுங்கள்.